ஏழாவது வாரத்துக் கிரீடம்

கஸ்டின், கலிஃபோர்னியா
பிப்ரவரி 19

அன்புள்ள ஜெர்மானோவுக்கு,

பரிசுத்த ஆவியின் கிருபையால் நானும் நம் பிள்ளை டெலியாவும் நலம். அங்கே தெர்செய்ரா தீவில் நீங்களும் உங்கள் அண்ணன் வெனான்சியோவும் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவருக்கு இருமல் எப்படி இருக்கிறது? கடல்காற்று அடிக்கும்போது வெளியே உட்கார விடாதீர்கள். சொன்னால் கேட்கமாட்டார், தெரியும். உங்கள் குடும்பத்தில் யார் சொன்னதை யார் கேட்டிருக்கிறார்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் "ம்" கொட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், கடைசியில் "அங்க மழை பெஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். இந்த "ம்"மோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான். எந்த "ம்" சரி, எந்த "ம்" மாட்டேன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்த விஷயத்துக்கு "ம்" போதாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பண்ணைச் செய்தி. அதைச் சொல்லாவிட்டால் மற்றதை நீங்கள் ஒழுங்காகப் படிக்கமாட்டீர்கள். மாடுகள் சுகம். புது ஆள் ரமிரோ விடியற்காலைக் கறவைக்கு ஒருநாளும் தாமதமில்லை. மாடுகளுக்கு ஸ்பானிஷ் பாட்டுப் பாடுகிறான். நம் மாடுகள் போர்த்துகீசியத் திட்டுக்குப் பழகியவை அல்லவா, முதல் வாரம் திருதிருவென்று விழித்தன. இப்போது சரியாகிவிட்டது. எஸ்ட்ரெலா மட்டும் கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கள்தான் வருகிறீர்களா என்று தலையைத் திருப்பிப் பார்க்கிறது. பாதாம் தோப்புகள் எல்லாம் பூத்துவிட்டன. காலைப் பனிமூட்டம் இன்னும் விடவில்லை. டெலியா கல்லூரிக்குக் கார் எடுத்துப் போனால், போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி வரும்வரை எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

இனி டெலியா. போன இலையுதிர் காலத்தில் பழைய கறவை ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றபோது, விடியற்காலைக் கறவையை அவள்தான் பார்த்தாள். காலை வகுப்பான இயற்பியலுக்குப் போகமுடியாமல், பாடத்தையே பாதியில் விட்டாள். "போனா போகுது, ஃபிசிக்ஸ் படிச்சுட்டா மாடு தானா கறந்துக்கப் போகுதா?" என்றீர்கள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது நம் மூவருக்குமே தெரியாது.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கிளம்பிய மறுவாரம் அவளுடைய கல்லூரியில் ஆலோசகர் மிஸ் வாங்கைப் பார்க்க நானும் போனேன். லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இனத்துப் பெண், சிறிய உருவம். அவருடைய அப்பா அம்மாவும் இதே பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரி போட்டவர்கள்தானாம். அவரும் இதே மாதிரி இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவர். என்னிடம் நிதானமாகச் சொன்னார். "மார்க் நல்லா இருந்தா மட்டும் பத்தாதும்மா. பெர்க்லியில மூணாவது வருஷம் சேரணும்னா, அந்தப் படிப்புக்கு அவங்க கேக்கற பாடம் ஒண்ணு விடாம இங்கயே முடிச்சிருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த ஆளைப் பாக்கப் போயிருவாங்க" என்றார். அதனால் விட்டுப்போன இயற்பியலையும், கரிம வேதியியலில் இரண்டாம் பாகத்தையும் இந்த வசந்த காலத்திலேயே முடித்தாகவேண்டும். இரண்டும் சேர்ந்து ஆளை விழுங்கும் பாடங்களாம்.

இன்னொன்றும் சொன்னார். நவம்பரில் அனுப்பிய விண்ணப்பத்தோடு, ஜனவரியில் சில விவரம் சேர்த்து அனுப்பலாமாம். இயற்பியலை ஏன் விட்டாள் என்பதை ஒளிக்காமல் எழுதச் சொன்னார். இவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாட்டுச் சாணி நாத்தம் பெர்க்லி வரைக்கும் போகணுமாம்மா?" என்று என்னிடம் நம் மொழியில் முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவள் குடித்து வளர்ந்த பால் வேறு எங்கிருந்தோ வந்ததா? அந்தக் கோபத்தில் என் அரைகுறை ஆங்கிலத்தில் எஸ்ட்ரெலா கதையை நானே சொல்லிவிட்டேன். அதற்கு மடிநோய் வந்தது, நீங்கள் விற்றுவிடலாம் என்றது, இவள் பாலைச் சின்னக் குப்பிகளில் கல்லூரிக்குக் கொண்டுபோய் டீச்சரிடம் கெஞ்சித் தட்டில் கிருமி வளர்த்துப் பார்த்தது, எந்தக் கிருமி என்று தெரிந்து டாக்டர் மருந்தை மாற்றியது, எல்லாம். மிஸ் வாங் மேசையைத் தட்டினார். "இதை ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல?" இவள், "அது வீட்டு வேலைதானே" என்றாள். "பெர்க்லிக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேர் இந்த மாதிரி ஒண்ணு பண்ணிட முடியாதான்னு ஏங்கிட்டு இருக்காங்க, பொண்ணே!" என்றார் அவர்.

எழுதி அனுப்பினாள். அனுப்பும் முன் சமையலறையில் எனக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினாள். அதில் நீங்கள் வருகிறீர்கள், ஜெர்மானோ. மாட்டு வியாபாரி வண்டியோடு வந்து நிற்கும்போது, எஸ்ட்ரெலாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் பாப்போம், என் பொண்ணு என்னமோ பண்ணிட்டிருக்கா" என்று அவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். இரண்டு பேரும் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டோம்.

இப்போது என் கவலை. உங்களுக்கு ஊர் முறை தெரியும். ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு வீடாக, பரிசுத்த ஆவியின் கிரீடம் ஏழு வீட்டுக்குப் போய்த் தங்கும், கடைசி ஞாயிறு பெந்தெகொஸ்தே விருந்து. ஜனவரியில் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கிவிட்டு வந்து, நமக்கு ஏழாவது வாரம், பெந்தெகொஸ்தே வாரம் என்றீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நேற்றுத்தான் டெலியாவின் பரீட்சை அட்டவணையைப் பார்த்தேன். அதே வாரம்! வீட்டுக் கூடத்தில் பீடம், தினமும் சாயங்காலம் ஊரே வந்து செபமாலை, அதன்பின் இனிப்பு ரொட்டி, வைன், பாட்டு, பிள்ளைகள் கூச்சல். இந்த வீட்டில் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? மண்டபத் தலைவர் அவெலீனோவிடம் சொல்லி வேறு வாரம் மாற்றிக்கொள்ளட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்யமாட்டேன். பதில் எழுதுங்கள். "ம்" என்று எழுதிவிடாதீர்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள்
பிலோமினா


கஸ்டின்
ஏப்ரல் 30

அன்புள்ள ஜெர்மானோவுக்கு,

உங்கள் கடிதம் வரவில்லை. போன் வந்தது. அண்ணனுக்கு இருமல் குறைந்தது என்றீர்கள், அங்கே மாடுகள் கல்வேலி தாண்டிப் பக்கத்துக் கொல்லைக்குப் போனதைச் சொன்னீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். நல்ல செய்தி முதலில்.

டெலியாவுக்குப் பெர்க்லியில் இடம் கிடைத்துவிட்டது.

போனில் அவள் சொன்னாளே என்பீர்கள். எப்படி நடந்தது என்று சொன்னாளா? கறவைக் கொட்டகையில் இருந்தோம். ரமிரோவுக்கு அன்று பல்வலி, அதனால் அவள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். பையில் போன் அதிர்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் பார்த்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து எஸ்ட்ரெலாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மாடும் உதைக்காமல் நின்றது, அதைச் சொல்லவேண்டும். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "அப்பாகிட்ட சொல்லணும்மா" என்பதுதான் முதல் வார்த்தை. அங்கே அப்போது என்ன நேரம் என்றுகூட யோசிக்காமல் உங்களைக் கூப்பிட்டாள்.

நீங்கள் "ம், சந்தோஷம்" என்றீர்களாம். பிறகு மழை பெய்ததா என்று கேட்டீர்களாம். "அப்பாவுக்குத் தூக்கக் கலக்கம்" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இடம் கிடைத்தது முடிவல்ல. இந்த இரண்டு பாடத்திலும் நல்லபடியாகத் தேறினால்தான் அது செல்லும். வேதியியலில் பயமில்லை. இயற்பியலில் நடுப் பரீட்சை மார்க் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் அந்தக் கடைசிப் பரீட்சையில்தான் இருக்கிறது என்று மிஸ் வாங் சொல்லிவிட்டார். அதனால் இனிப் பொறுக்கமுடியாது என்று வாரத்தை மாற்றக் கேட்டு அவெலீனோவைப் பார்க்கப் போனேன். மண்டபக் கூரையில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தவர், அங்கிருந்தே என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "என்ன பிலோமினா, விளையாடறியா? உங்களுக்கு விழுந்தது ரெண்டாவது வாரம். உன் வீட்டுக்காரன்தானே ஐடலினா வீட்டுக்குப் போய்க் கெஞ்சி ஏழாவது வாரத்தை மாத்திக்கிட்டான்? இப்ப எங்கிட்ட வந்து கேக்கற!" என்றார்.

அங்கிருந்து நேரே ஐடலினா அக்கா வீடு. அவருக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, உங்களுக்கே தெரியும். "வேண்டுதல்னு சொன்னாரும்மா. டெலியா வீட்டோட இருந்துட்டா, பெந்தெகொஸ்தே விருந்தை ஊரே பேசற மாதிரி பண்றேன்னு பரிசுத்த ஆவிகிட்ட கேட்டிருக்காராம். பெத்தவன் மனசாச்சே, நான் எப்படி முடியாதுன்னு சொல்வேன்?" என்றார்.

ஜெர்மானோ, இரண்டு நாள் உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. பாத்திரங்களைக் கேளுங்கள், அவை சொல்லும். பிள்ளைக்கு எதிராகவா முழங்கால் போடுவது? அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் படிக்க, அப்பன் தீவில் மெழுகுவர்த்தி ஏற்றி இன்னொரு பக்கம் இழுப்பதா? விமானத்தில் வந்து உங்கள் காதைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது கோபம் போய்விட்டது. நமக்குக் கல்யாணமான முதல் கிறிஸ்துமஸில் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. பதினேழு வயதில் நீங்கள் தீவை விட்டுக் கிளம்பிய அன்று, உங்கள் அம்மா வாசலுக்கு வரவில்லை. கொல்லையில் கொடியில் துணி காயப்போட்டபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "போயிட்டு வரேம்மா" என்று நீங்கள் சொன்னதற்குத் திரும்பவே இல்லை. அதன்பின் நீங்கள் அவரைப் பார்க்கவும் இல்லை. இந்தப் பண்ணையும் மாடும் கடனும் உங்களை விடவில்லை, அவர் இறந்த செய்திதான் வந்தது. அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். போகிறவர்கள் திரும்புவதில்லை என்பது உங்கள் வாழ்க்கையில் நீங்கள் கண்டது. டெலியாவுக்கு அது நடந்துவிடக்கூடாது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான். நீங்கள் அங்கே, அவள் பெர்க்லியில், நான் இத்தனை மாடுகளோடு இங்கே என்று நினைத்தால் ராத்திரி விளக்கை அணைக்க மனம் வருவதில்லை. ஆனால் பெர்க்லி தீவு இல்லை. காரில் இரண்டு மணி நேரம். லீவுக்கு அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பாள், பாருங்கள்.

டெலியாவிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கிரீடத்தை வேறு வீட்டுக்குத் தள்ளவும் இல்லை. கேட்டு வாங்கியதை மாற்றக்கூடாது. வரட்டும், சமாளிக்கிறேன்.

உங்கள்
பிலோமினா


கஸ்டின்
மே 26, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜெர்மானோவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பெந்தெகொஸ்தே முடிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். கிரீடம் எனக்கு எதிரே பீடத்தில் இருக்கிறது. உச்சியில் வெள்ளிப் புறா. சுற்றிலும் நான் வெட்டிய வெள்ளைக் காகிதப் பூக்கள். ஐடலினா அக்கா முட்டைக்கோஸ் பூ மாதிரி இருக்கிறது என்றார். நீங்கள் இருந்தால் அவர் பக்கம்தான் சேர்ந்திருப்பீர்கள்.

ஞாயிறன்று கிரீடம் வந்ததும், வந்திருந்தவர்களிடம் நான் நடந்ததைச் சொன்னேன். உங்கள் வேண்டுதலை அல்ல, பயப்படாதீர்கள். பரீட்சை இருக்கிறது, பிள்ளை உள்ளறையில் படிக்கிறாள் என்று மட்டும். எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவெலீனோ தன் தொண்டையைச் செருமி, "சரி, இந்த வாரம் செபமாலை குசுகுசுன்னுதான்" என்றார். நம் ஆட்கள், ஜெர்மானோ! மாட்டுச் சந்தையில் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும் நம் ஆட்கள்! கூடம் முழுக்க உட்கார்ந்து அருள் நிறைந்த மரியேயைக் காற்று மாதிரி சொன்னார்கள். தும்மல் வந்தவர் வெளியே ஓடினார். பாட்டை ரோட்டோரம் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை யாரோ ஒருவருடைய போன் அலறியதற்கு ஐடலினா அக்கா அவரைப் பார்த்த பார்வையில், அந்த மனிதர் மறுநாள் வரவே இல்லை.

புதன்கிழமை டெலியாவே வெளியே வந்தாள். மறுநாள் காலை இயற்பியல். "இவங்க இப்படிப் பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கும்மா, யாரோ செத்த வீடு மாதிரி. நான் இங்கயே உக்காந்துக்கறேன், நீங்க சத்தமாச் சொல்லுங்க" என்றாள். புத்தகத்தோடு பீடத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் விடுதலை கிடைத்த மாதிரி முழுக்குரலில் சொன்னார்கள். இவள் கணக்குப் போட்டுக்கொண்டே, இடையிடையே அனிச்சையாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள். நீங்கள் அதைப் பார்த்திருக்கவேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பரீட்சை எழுதிவிட்டாள். இன்று வேதியியலும் முடிந்தது. இயற்பியலை எப்படி எழுதினாய் என்றால், "தெரிஞ்சது எல்லாம் எழுதினேன், தெரியாதது ஒண்ணுதாம்மா இருந்துச்சு" என்கிறாள். அவள் முகம் தெளிவாக இருக்கிறது. தேறிவிடுவாள். ஆகஸ்டில் கிளம்புகிறாள்.

ஆக, நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய், கேட்டது நடக்காவிட்டால் நேர்ச்சை செலுத்தவேண்டுமா என்று பொதுப்படையாகக் கேட்டேன். "கட்டாயமில்லம்மா" என்றார். நான் செலுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊரே பேசும் விருந்துதான். இறைச்சி வந்துவிட்டது, புதினாவும் முட்டைக்கோஸும் கொட்டகையில் குவிந்து கிடக்கின்றன, ரொட்டி சுட மண்டபத்துப் பெண்கள் நாளை வருகிறார்கள். பூசையில் சாமியார் கிரீடத்தை டெலியாவின் தலையில் வைப்பார். அவளுக்கு வலப்பக்கம் முழங்கையைத் தாங்கி நிற்கிற இடம் அப்பாவுடையது. அங்கே தான் நிற்கட்டுமா என்று அவெலீனோ கேட்டார். வேண்டாம், அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். போன வாரம் நான் கூப்பிட்டபோது நீங்கள் வயலுக்குப் போயிருந்தீர்கள். வெனான்சியோ அண்ணன் எடுத்தார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். ஜெர்மானோ கிளம்பின அன்று அத்தைக்கு அவ்வளவு கோபமா, கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லையாமே என்றேன். அவர் ரொம்ப நேரம் இருமினார். பிறகு சொன்னார். "கோபமா? யாரு சொன்னா? அம்மா துணி காயப்போடவே இல்ல, பிலோமினா. அன்னைக்குக் காயப்போடத் துணியே கிடையாது. வெறுங்கொடியைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவ முகத்தைப் பார்த்தா இவன் போகமாட்டான்னு அவளுக்குத் தெரியும். இவன் வண்டி மறையற வரைக்கும் அப்படியே நின்னா. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தம்பி அழுதானான்னுதான் கேட்டா."

இதை ஏன் இத்தனை வருடம் உங்களிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "அவன் கேக்கல, நான் சொல்லல" என்றார். ஒரே மேசையில் உட்கார்ந்து இத்தனை மாதம் சாப்பிடுகிறீர்கள் இரண்டு பேரும்! உங்கள் வீட்டு "ம்" எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஜெர்மானோ, அந்தக் கொல்லையில் கொடி இன்னும் இருந்தால் ஒரு தடவை போய்த் தொட்டுப் பாருங்கள். பிறகு அண்ணனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். இங்கே வெயில் காய்கிறது, அவர் நெஞ்சுக்கு நல்லது. டெலியா காரில் ஏறும் நாளில் நீங்கள் எதுவும் பேசவேண்டாம். மழை பெய்ததா என்று கேட்டால்கூடப் போதும். அழுகை வந்தால் அழுங்கள், அவள் பார்க்கட்டும். ரோட்டைப் பார்த்து மட்டும் நில்லுங்கள். அவள் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாலும் உங்கள் முகம் தெரியவேண்டும்.

பரிசுத்த ஆவி உங்களை எங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்களுக்காக வாசலில் நிற்கும்
பிலோமினா